பலகையில் எழுதத் திரும்ப முடியாத டீச்சருக்கு

(வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், 34 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றி 2018-ல் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை.)

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. தென்மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மூன்று வாரத்துக்கு முன், மதியச் சாப்பாடு முடிந்து முதல் பீரியடில், பத்தாம் வகுப்பில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். எங்கள் வகுப்பில் அவரவர் ஊர்ப் பையன்களோடு அவரவர் பெஞ்ச். ஒருவன் கையில் கட்டியிருந்த கலர் கயிற்றை இன்னொருவன் ஏதோ சொன்னதில் ஆரம்பித்தது. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து ஒருவன் ஓங்கினான். நான் நடுவில் போய்விட்டேன். என் இடது உள்ளங்கையில் முனை ஏறிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அவன் மட்டும், "நீங்க எதுக்கு டீச்சர் நடுவுல வந்தீங்க? ஹெச்.எம். கிட்ட சொன்னீங்கன்னா வெளிய பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "சின்னக் காயம்தானே டீச்சர், பெரிசு பண்ணினா ஊர்ப் பிரச்சினை ஆயிடும்" என்றார். மறுநாள் அவன் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து என்னால் பலகையில் எழுதத் திரும்ப முடியவில்லை. பலகையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டி எழுதுகிறேன். எழுத்து கோணிப்போகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. என் கணவர், மாறுதல் வாங்கு, இல்லாவிட்டால் வேலையை விடு என்கிறார். போலீசுக்குப் போனால் பதினைந்து வயதுப் பையனின் வாழ்க்கை போய்விடுமோ என்றும் இருக்கிறது. நான் கோழையா அம்மா?

— பெயர் வேண்டாம்

பதில்: டீச்சர், ஓங்கிய காம்பஸுக்கு முன்னால் உள்ளங்கையைக் கொண்டுபோனவர் நீங்கள். கடைசியாகக் கேட்ட அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் பலகையை ஒட்டி நின்று எழுதுவதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் நான் வகுப்புக்கு முதுகைக் காட்டித்தான் எழுதினேன். பின்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பதே ஞாபகம் இருக்காது. அந்த நிம்மதியை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது அந்தப் பையன் மட்டுமில்லை, "பெரிசு பண்ணாதீங்க" என்று சொன்ன வாயும்தான்.

உங்கள் பயம் கற்பனையும் இல்லை. 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில், வகுப்பறையிலேயே ஓர் ஆசிரியையை ஒன்பதாம் வகுப்பு மாணவன் கத்தியால் குத்திக் கொன்றான். படிப்பு சரியில்லை என்று டைரியில் எழுதி அனுப்பியதில் வந்த கோபம் என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த பல மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் பலர் டைரியில் சிவப்பு மையால் எழுதுவதையே நிறுத்தியிருந்தார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி, எட்டாம் வகுப்பு. ஒரு பையன் இன்னொருவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சிலில் தொடங்கிய மனத்தாங்கல் என்றார்கள். இதெல்லாம் தெரிந்த ஓர் ஆசிரியைக்குப் பெஞ்ச் நகர்ந்தால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். தேதி, ஐந்தாம் பாடவேளை, எந்தப் பிரிவு, யார் யார் பார்த்தார்கள், காம்பஸ் எந்தக் கையில் ஏறியது, அவன் சொன்ன வார்த்தை அப்படியே, அன்றைக்கே வாய்மொழியாகத் தலைமையாசிரியரிடம் சொன்னது, அவர் சொன்ன பதில். 'மிகுந்த மன வேதனை அடைந்தேன்' போன்ற வரிகள் வேண்டாம், நடந்தது மட்டும் போதும். அன்றைக்கு டி.டி. ஊசி போட்ட ஓ.பி. சீட்டு இருந்தால் அதன் நகலை இணையுங்கள். ஊசியே போடவில்லை என்றால் இன்றைக்காவது அரசு மருத்துவமனைக்குப் போய்க் கையைக் காட்டிவிட்டு வாருங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துத் தலைமையாசிரியரிடம் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அவருக்கு ஒன்று, முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்று அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தலைமையாசிரியர் நாற்காலியில் நானும் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னதை மறந்துவிடலாம், முத்திரை வைத்து வாங்கிய தாளை மறக்க முடியாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியும். உங்கள் கடிதம் போன மறுநாளே அவர் அந்தப் பையனின் வீட்டுக்கு ஆள் அனுப்புவார், பாருங்கள்.

மாறுதல் கேட்பது உங்கள் உரிமை. வேண்டுமென்றால் கலந்தாய்வில் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தாளைக் கொடுக்காமல் போகாதீர்கள். போனால் உங்கள் இடத்துக்கு இன்னொரு பெண் வருவாள். எதுவும் தெரியாமல் அதே வகுப்பில் பலகைப் பக்கம் திரும்புவாள்.

அடுத்தது போலீஸ். பையனின் வாழ்க்கை போய்விடும் என்ற பயத்தில்தான் நம் ஆசிரியர்கள் பாதிப் பேர் பேசாமல் இருக்கிறார்கள். சட்டம் நீங்கள் நினைப்பது போல இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் தவிர, விதிப்படி எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. நிலைய நாட்குறிப்பில் பதிந்து, பையனின் வீட்டு நிலவரத்தை விசாரித்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். பின்னால் அவன் வேலைக்குப் போகும்போது இது குறுக்கே நிற்காதபடியும் அதே சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். "வெளிய பாத்துக்கிறேன்" என்று அவன் சொன்னதை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது, வாங்கினால் இப்போதைக்குப் போதும். ஒன்று மட்டும் கண்டிப்பாக: அவன் பெயரையோ போட்டோவையோ வீடியோவையோ ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் குற்றமாகும்.

இப்போது என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை எழுதியதில்லை.

1997. தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம். போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குப் பெயர் வைத்ததில் மூண்டது. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்களையெல்லாம் அரசே எடுத்துவிட்டது. எனக்கு அப்போது 37 வயது. கிராமத்து மேல்நிலைப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு. சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு பையன் மஞ்சப்பையிலிருந்து தூக்குவாளியை எடுத்தான். கீழே பழைய துண்டு சுற்றி ஏதோ நீளமாகக் கிடந்தது. பையை வாங்கிப் பார்த்தேன், சூரிக்கத்தி. தூக்கின் சூட்டில் அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

பையனைப் பளாரென்று ஓர் அறை விட்டேன். கத்தியை லேபில் அமிலப் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு ஹெச்.எம்.மிடம் போய் நின்றேன். "யாருக்கும் தெரிய வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும், போகிற வழியில் கண்மாயில் போட்டுவிடுங்க" என்றார். போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். நாலு நாளில் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

எட்டு வருஷம் கழித்து, திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் வந்து "வணக்கம் டீச்சர்" என்றான். அவன்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டீ வாங்கிக் கொடுத்தான். நான் கேட்காமலேயே சொன்னான். அவன் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவில் இரண்டு ஸ்டாப்பில் பஸ்ஸை மறித்து, எந்த ஊர்ப் பையன் என்று கேட்டு, இறக்கி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவன் அண்ணனை ஏற்கெனவே அடித்துவிட்டார்கள். "பயந்துக்கிட்டுத்தான் டீச்சர் வெச்சிருந்தேன். நீங்க எடுத்துட்டீங்க, அப்புறம் எப்படி வர்றதுன்னு தெரியல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை.

கத்தியை வாங்கியது சரிதான், இன்றைக்கும் வாங்குவேன். எதற்குடா கொண்டுவந்தாய் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நானும் ஹெச்.எம்.மும் சேர்ந்து கண்மாயில் போட்டதில் அவன் படிப்பும் போய்விட்டது. அன்றைக்கே எழுத்தில் வந்திருந்தால் அந்த இரண்டு ஸ்டாப்பிலும் யாராவது ஒரு கான்ஸ்டபிள் நின்றிருப்பார்.

அதனால் உங்கள் பையனிடமும் யாராவது கேட்க வேண்டும். நீங்களே கேட்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், உங்கள் கை இன்னும் ஆறவில்லை. அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர் நிச்சயம் இருப்பார், பெரும்பாலும் பி.இ.டி. சார்தான். அவர் கேட்கட்டும். கயிற்றை யார் கட்டிவிட்டார்கள், பள்ளி விட்டதும் யாரோடு போகிறான், வழியில் யார் நிற்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் சொந்தமாகக் கயிறு கட்டிக்கொள்வது குறைவு. கட்டிவிடுகிற ஓர் அண்ணன் ஊரில் இருப்பான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை அரசு ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் சாதி அடையாளமாகப் பள்ளிக்குள் வரக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரை இருக்கிறது. அகர வரிசை என்பது சின்ன விஷயமாகத் தெரியும். அவரவர் ஊர்ப் பையன்களோடு அவரவர் பெஞ்ச் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை உடைக்க இதைவிட எளிய வழி கிடையாது. நீங்களாக மாற்றினால் உங்கள் மேல் கோபம் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அங்கே தீர்மானமாக வைத்து, பள்ளி முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு முறை சண்டை வந்தால் நடுவில் போகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு பேரையும் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். பக்கத்து வகுப்புக்கு இரண்டு பேரை ஓட விடுங்கள். கையில் கூராக எது இருந்தாலும் மற்ற பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். ஒரு விசில் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், விசில் ஊதினால் யார் வர வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். உங்கள் மேசை கதவுக்கு எதிர் மூலையில் இருந்தால் கதவுப் பக்கம் மாற்றுங்கள். கொஞ்ச நாளைக்குப் பலகையில் எழுதவே வேண்டாம். முதல் பெஞ்சில் கையெழுத்து நன்றாக இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல எழுத விடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இன்னொரு ஆசிரியையோடு போங்கள்.

தூக்கம் இன்னும் வராமல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற இலவச எண், தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். வேலையை விடு என்று அவர் சொல்வதும் பயத்தில்தான்.

கேள்வி: பிரம்பு இருந்தவரைக்கும் பள்ளிக்கூடத்தில் பயம் இருந்தது. அதை ஆசிரியர் கையிலிருந்து பிடுங்கியதால்தானே மாணவன் கத்தி எடுக்கிறான்? திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடாதா?

— 27 வயது ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஆகாது தம்பி. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் அடித்துப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். 1984-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க டீச்சர்" என்று ஒப்படைப்பார்கள். உரித்தோம். அடிக்குப் பயந்தது யார் தெரியுமா? எப்படியும் சொன்னதைக் கேட்கிற பிள்ளைகள். வீட்டில் பெல்ட்டால் வாங்குகிற பையன் கையை நீட்டிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் பிரம்பைக் கேட்க மாட்டீர்கள். பஸ் ஸ்டாண்டில் சந்தித்த பையனைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், அவனுக்கு நான் கொடுத்த அறையால் என்ன நடந்தது என்றும் படித்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பெரிய பள்ளிகளுக்கு முழுநேர மனநல ஆலோசகர், வகுப்புக்கு நாற்பது பேருக்கு மேல் போகாத எண்ணிக்கை, அப்புறம் உங்கள் தலையில் ஏற்றும் ஆன்லைன் பதிவு வேலைகளைக் குறைப்பது. பையனோடு பேச ஒரு பீரியட் கிடைத்தால்தானே பேச முடியும்? சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

கேள்வி: எனக்கு 25 வயது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன். பெண் கேட்டு வந்து, எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருவர் ஒரு மாதமாகப் பள்ளி வாசலில் நிற்கிறார். நேற்று இடைவேளையில் வராந்தா வரைக்கும் வந்துவிட்டார். சொன்னால், உன்னால்தான் பிரச்சினை என்று என்னை நிறுத்திவிடுவார்களோ?

— பெயர், ஊர் வேண்டாம்

பதில்: இந்தக் கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் கையில் கிடைத்த அன்றைக்கே பேசிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கிற மற்றப் பெண்களுக்காக.

2024 நவம்பர் 20-ஆம் தேதி, தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில் 26 வயதுத் தற்காலிக ஆசிரியையைப் பள்ளிக்குள்ளேயே வந்து ஒருவன் குத்திக் கொன்றான். திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பதுதான் காரணம். அதனால் வாசலில் ஒருவன் நிற்கிறான் என்பதை யார் சொன்னாலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வராந்தா வரைக்கும் வந்தவன் வகுப்பறைக்கும் வருவான்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதையே சொல்கிறேன். இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். தனியாகப் பேசித் தீர்க்கலாம் என்று அவன் கூப்பிட்டால் ஒருபோதும் போகாதீர்கள், அவன் அம்மா கூப்பிட்டாலும் போகாதீர்கள். அவன் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181, உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112. தலைமையாசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் மணி அடித்ததும் கேட்டைப் பூட்டுங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் நோட்டில் பெயர் எழுதி, உங்கள் அறையோடு திரும்பிப் போகட்டும். உங்கள் ஆசிரியை தற்காலிகமா நிரந்தரமா என்று வாசலில் நிற்கிறவன் பார்க்க மாட்டான்.

அந்தப் பெண் மறுநாள் காலையில் அப்பாவோடு மகளிர் காவல் நிலையம் போனார். பதினொரு மணிக்கு சி.எஸ்.ஆர். ரசீதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். தலைமையாசிரியை அவரை நிறுத்தவில்லை. இடைவேளைகளில் கேட்டருகே சத்துணவு அமைப்பாளர் அக்கா நாற்காலி போட்டு உட்காருகிறார் என்று சென்ற வாரம் போனில் சொன்னார்.